படகேறிய பட்டதாரிப் பெண்கள்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு நான் வாசற்படி இறங்கும் சமயத்தில், என் மாணவி ஒருத்தியின் தாயார் கையில் ஒரு சந்தேகத்துடன் வந்து நின்றார். சந்தேகம் கையில் இருக்குமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். அவருடைய சந்தேகம் கைத் தொலைபேசியில் வந்திருந்தபடியால் அப்படிச் சொன்னேன். அவருடைய அண்ணன் மகள் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ ஓர் அம்மாள் அவளை வழிமறித்து, "நீ நல்ல உயரமாக இருக்கிறாயே, படகுக் குழுவுக்கு வருகிறாயா?" என்று கேட்டாளாம். பெண்ணும் சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"படிக்கப் போன பெண்ணைப் படகு தள்ளக் கூப்பிடுகிறார்களே, ஸார்! இது என்ன கூத்து? அவள் ஜன்மத்தில் துடுப்பைத் தொட்டதில்லை. படிப்பு என்ன ஆவது?" என்பது அந்த அம்மாளின் கேள்வி.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லப் போனால், ஒரு படகோடு நிற்காமல் ஒரு சட்டம், ஒரு நீதிமன்றம், பல கோடி டாலர்கள், ஒரு குளிக்கும் அறை வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் படகைப் பற்றி. இது நமது கடற்கரைக் கட்டுமரமும் அல்ல, காயலில் மிதக்கும் தோணியும் அல்ல. எட்டுப் பேர் ஏறும் பந்தயப் படகு சுமார் 17 அல்லது 18 மீட்டர் நீளம் இருக்கும். அகலமோ ஒருவர் உட்காருவதற்கு மட்டுமே போதும். சர்வதேச விதிப்படி அதன் எடை 96 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதாவது, தன்னைப் போல் ஆறு மடங்கு எடையுள்ள மனிதர்களை அது சுமந்து செல்கிறது! எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு துடுப்பை இரு கைகளாலும் வலிப்பார்கள். உட்காரும் பலகை சக்கரங்களின் மேல் முன்னும் பின்னும் ஓடும். ஆகையால் வேலை செய்வது கை மட்டும் அல்ல, காலும் தொடையும் முதுகும்தான். எட்டுத் துடுப்பும் ஒரே கணத்தில் நீரைத் தொட்டு ஒரே கணத்தில் வெளிவர வேண்டும். ஒருத்தி அரை விநாடி பிந்தினால் படகு சாய்ந்து, மற்ற ஏழு பேருடைய உழைப்பும் வீணாகும்.

ஒன்பதாவது ஆள் சுக்கானி. அவள் ஒருத்திக்குத்தான் எதிரே என்ன வருகிறது என்று தெரியும். அவள் துடுப்பைத் தொடுவதே இல்லை. திசையைப் பார்ப்பதும், தாளம் சொல்வதும், சோர்ந்தவர்களை விரட்டுவதும் அவள் வேலை. கனமான சுக்கானியை யாரும் விரும்புவதில்லை. அதற்காக எலும்புந்தோலுமாக ஒருத்தியை ஏற்றிவிடவும் முடியாது. சர்வதேசப் பந்தயங்களில் 55 கிலோவுக்குக் குறைந்தவள் குறைகிற எடைக்கு ஈடாக மணல் மூட்டையைக் கூடவே சுமக்க வேண்டும். எட்டு பேரை ஏவி வேலை வாங்கும் அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தால், நமது கூட்டுக் குடும்பத்துப் பாட்டிமார்களின் ஞாபகம் எனக்கு வருகிறது.

அமெரிக்காவில் பெண்கள் கலாசாலைப் படகு ஏறியது இன்று நேற்றல்ல. மாஸசூஸட்ஸ் மாகாணத்தில் உள்ள வெல்லெஸ்லி என்னும் பெண்கள் கலாசாலையில், அது திறக்கப்பட்ட 1875-ம் வருஷத்திலேயே வேபன் ஏரியில் படகுகள் மிதந்தன. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் வேகமாகப் போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நேர்த்தியாக உட்கார்ந்து, நீண்ட பாவாடையுடன், பாட்டுப் பாடிக்கொண்டு மிதந்தால் போதும். நல்ல குரல் உள்ளவளுக்குத்தான் படகில் முதல் இடம் என்றுகூடச் சொல்வார்கள். இங்கிலாந்திலும் கதை அப்படித்தான். 1927-ம் வருஷம் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் முதன்முதலாகப் பெண்கள் படகுப் பந்தயம் நடத்தியபோது, இரண்டு படகுகளையும் ஒரே நேரத்தில் நதியில் விடவே இல்லை. தனித்தனியே போகச் சொல்லி, நேரத்தோடு நளினத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள்! ஆண்கள் லண்டன் நகரத்தில் தேம்ஸ் நதியில் பந்தயம் ஓடும் அதே நாளில், அதே துறையில் பெண்களும் ஓடுவதற்கு 2015-ம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் காரியத்தை மாற்றியது ஒரு சட்டம். 1972-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ம் தேதி ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தத்தில் ஒன்பதாம் தலைப்பு என்று ஒரு பகுதி உண்டு. 'டைட்டில் நைன்' என்று அந்நாட்டுக் குழந்தைகளுக்கும் அது தெரியும். மத்திய சர்க்காரிடம் பணம் பெறும் எந்தக் கல்வி ஸ்தாபனமும், ஆண் பெண் என்ற காரணத்தால் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. அதை நிறைவேற்றப் பாடுபட்டவர்களில் ஹவாய் தீவைச் சேர்ந்த பாட்ஸி மிங்க் என்ற அம்மையார் ஒருவர். இளம் வயதில் டாக்டருக்குப் படிக்க விரும்பி அவர் எத்தனையோ மருத்துவக் கலாசாலைகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்றாவது அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு சட்டம் படித்தார். டாக்டராகியிருந்தால் சில ஆயிரம் பேருக்கு வைத்தியம் பார்த்திருப்பார். 2002-ல் அவர் காலமான பிறகு அந்தச் சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

சட்டம் பிறந்தது, ஆனால் காரியாலயங்களில் அது கண் விழிக்கவில்லை. அதை எழுப்பியவர்கள் யார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

யேல் சர்வகலாசாலை அமெரிக்காவின் மிகப் பழைய கல்வி ஸ்தாபனங்களில் ஒன்று. 1969-ல்தான் அங்கே இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சில வருஷங்களுக்குள் பெண்களின் படகுக் குழு ஒன்றும் உருவாயிற்று. படகுத் துறை இருந்தது டெர்பி என்ற ஊரில், ஹௌஸடானிக் நதிக்கரையில். கலாசாலையிலிருந்து பஸ்ஸில் போய் வர வேண்டும். ஆண்களும் பெண்களும் ஒரே நதியில், ஒரே குளிரில் பயிற்சி செய்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஆண்கள் படகுக் கொட்டகைக்குள் சென்று வெந்நீரில் குளித்து உடை மாற்றிக்கொள்வார்கள். பெண்களுக்குக் குளிக்க இடம் இல்லை. வேர்வையிலும் நதி நீரிலும் நனைந்த உடையோடு, ஆண்கள் குளித்து முடித்து வரும் வரையில் பஸ்ஸில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிரதேசத்துக் குளிர்காலம் நமது மார்கழி அல்ல. தலைமயிரில் நீர் உறைந்துபோகும் குளிர். குழுவில் ஆன் வார்னர் என்ற பெண்ணுக்கு நிமோனியா ஜுரமே வந்துவிட்டது. பலமுறை முறையிட்டார்கள். 'பார்க்கலாம்' என்ற பதில் எல்லாத் தேசத்துக் காரியாலயங்களிலும் உண்டு போலிருக்கிறது.

1976-ம் வருஷம் மார்ச் மாதம் 3-ம் தேதி, அந்தக் குழுவைச் சேர்ந்த பத்தொன்பது பெண்கள் தங்கள் தலைவி கிரிஸ் எர்ன்ஸ்டுடன் பெண்கள் விளையாட்டு நிர்வாகியாக இருந்த அம்மையாரின் அறைக்குள் வரிசையாகச் சென்றார்கள். கூடவே ஒரு பத்திரிகை நிருபரும் படம் பிடிப்பவரும் போனார்கள். உள்ளே சென்றதும் பெண்கள் தங்கள் உடைகளைக் களைந்தார்கள். அவர்களுடைய முதுகிலும் மார்பிலும் 'டைட்டில் நைன்' என்று நீல மையினால் எழுதியிருந்தது. எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையை நிதானமாக வாசித்தார். தாங்கள் எந்த நிலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம், ஈரமும் பனியும் தங்கள் உடம்பை என்ன செய்கின்றன, இந்த உடம்புகளைத்தானே கலாசாலை உபயோகித்துக்கொள்கிறது என்பது அதன் பொருள். வாசித்து முடித்ததும் உடையணிந்துகொண்டு வெளியேறினார்கள்.

இதை எழுதுவதற்கு, பெண்களுக்குப் பாடம் சொல்லும் எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வகுப்பில் இதை எப்படிச் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. அவர்கள் செய்தது கேளிக்கை அல்ல. கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள், கேட்க மறுத்தவர்களைப் பார்க்க வைத்தார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இந்தச் செய்தியை வெளியிட்டது. பிறகு கேட்பானேன்? பழைய மாணவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் செக்கும் அனுப்பினார்கள். அதிக நாள் செல்லாமல் படகுக் கொட்டகையில் பெண்களுக்கென்று இடம் கட்டப்பட்டது. அதே வருஷம் கோடையில் மாண்ட்ரியால் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் முதன்முதலாகப் பெண்களுக்குப் படகுப் போட்டி சேர்க்கப்பட்டது. எர்ன்ஸ்ட், வார்னர் இருவரும் அமெரிக்காவுக்காகப் போட்டியிட்டார்கள். நிமோனியாவில் படுத்த வார்னர் எட்டுப் பேர் படகில் வெண்கலப் பதக்கம் பெற்றுத் திரும்பினார். கிரிஸ் எர்ன்ஸ்ட் பிற்காலத்தில் குழாய் வேலை செய்யும் தொழிலை மேற்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிக்கும் அறைக்காகப் போராடியவருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் ஏது?

இனி, அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். துடுப்பைத் தொடாத பெண்ணை ஏன் கூப்பிடுகிறார்கள்?

அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் ஆண்களின் கால்பந்துதான் ராஜா. கால்பந்து என்று பெயரே தவிர, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். அது அவர்கள் பாடு. ஒரு குழுவில் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் இருப்பார்கள். பெரிய கலாசாலைகளில் அவர்களில் எண்பத்தைந்து பேருக்கு முழு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்று வெகு காலம் விதி இருந்தது. படிப்புச் செலவு, சாப்பாடு, ஜாகை எல்லாம் அதில் அடக்கம். இதற்கு ஈடாகப் பெண்களுக்கு என்ன இருக்கிறது? சட்டத்துக்கு 1979-ல் சர்க்கார் எழுதிய வியாக்கியானத்தின்படி, ஒரு கலாசாலை மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றினால் தன் நேர்மையை நிரூபிக்கலாம். அவற்றில் நிர்வாகிகளுக்குச் சுலபமாகப் புரியும் வழி எண்ணிக்கைதான்: மாணவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஐம்பது பேர் என்றால், விளையாடுகிறவர்களிலும் ஏறக்குறைய ஐம்பது பேர் பெண்களாக இருக்க வேண்டும். கால்பந்துக்கு நிகராக ஒரே வீச்சில் அறுபது, எண்பது பெண்களைச் சேர்க்கக்கூடிய விளையாட்டு எது என்று தேடிய நிர்வாகிகளின் கண்ணில் பட்டது படகு. தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கம் 1997-ல் பெண்களுக்கான படகு சாம்பியன் போட்டியைத் தொடங்கியது. வாஷிங்டன் சர்வகலாசாலை முதல் பட்டத்தை வென்றது. ஆண்களின் படகுப் பந்தயம் இன்று வரையில் அந்தச் சங்கத்தின் கீழ் வரவில்லை. அது 1895 முதல் தனியே நடந்து வருகிறது. பெண்களுக்கு உள்ள இடம் ஆண்களுக்கு இல்லாத அபூர்வ விளையாட்டு இது.

இந்தச் சாம்பியன் போட்டியில் ஒரு கலாசாலை அனுப்புவது மூன்று படகுகள்: எட்டுப் பேர் படகு இரண்டு, நான்கு பேர் படகு ஒன்று. சுக்கானிகளையும் சேர்த்தால் இருபத்து மூன்று பேர். ஆனால் ஜாபிதாவில் இருக்கும் பெயர்களோ அறுபது, எழுபது. சில கலாசாலைகளில் நூற்றையும் தாண்டியதுண்டு. மிச்சமுள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலோர் உண்மையாகவே பயிற்சி செய்து மூன்றாம் படகிலும், நான்காம் படகிலும், புதியவர்களுக்கான பந்தயத்திலும் ஓடுகிறார்கள். சில இடங்களில் பெயர் மட்டும் இருக்கிறது. முதல் பந்தயத்து நாளன்று ஜாபிதாவில் பெயர் இருந்தால் ஆள் கணக்கில் சேர்ந்துவிடும். மறுநாள் அவள் குளிருக்குப் பயந்து விலகினாலும் எண் குறையாது. இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த நிர்வாகிகள் பலர். ஆஜர்ப் பட்டியலில் வராத பையனுக்கும் ஆஜர் போட்டு மான்யம் வாங்கும் பள்ளிக்கூடங்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டதில்லையா? ஊர்தான் வேறு.

இன்னொரு விதமான பொய்யும் நடந்தது. 2019-ல் அமெரிக்காவையே சிரிக்கவும் வெட்கப்படவும் வைத்த ஒரு வழக்கு வெளிவந்தது. பணக்காரப் பெற்றோர் சிலர் தரகர் ஒருவருக்குப் பெருந்தொகை கொடுத்துத் தங்கள் குழந்தைகளை விளையாட்டு வீரர்கள் என்று காட்டிப் பெரிய கலாசாலைகளில் இடம் வாங்கினார்கள். தென் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கு, படகேறாத பெண்களைச் சுக்கானிகள் என்று காட்டி விண்ணப்பம் போயிற்று. பயிற்சி யந்திரத்தின் மேல் உட்கார வைத்துப் போட்டோவும் எடுத்து அனுப்பினார்கள்! பெற்றோர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றனர். ஜாபிதாவில் ஓர் இடம் என்றால் என்ன விலை பெறும் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

ஆனால் இதே வழியில், பொய் இல்லாமல் வந்தவர்களும் உண்டு. பென்சில்வேனியா சர்வகலாசாலையில் சேர்ந்த ஸூஸன் பிரான்ஸியா என்ற உயரமான மாணவி, கலாசாலைக்கு வந்த பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற அமெரிக்கப் படகில் அவர் இருந்தார். நான்கு வயதில் தொடங்காவிட்டால் நாட்டியம் வராது, சங்கீதம் வராது என்று நாம் சொல்கிறோம். படகில் பதினெட்டு வயதுப் பெண்ணும் புதிதாகத் தொடங்கலாம். உயரமும், பிடிவாதமும், விடியற்காலையில் எழுந்திருக்கும் சுபாவமும் வேண்டும். அந்த அம்மாள் இதைக் கேட்டதும், "அவள் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள்" என்றார்.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். புதிதாக எட்டுப் பேர் படகு ஒன்று வாங்குவதானால் ஐம்பதாயிரம் டாலர் அளவில் ஆகும். படகுகளை ஊர் ஊராகக் கொண்டுபோக நீண்ட வண்டிகள் வேண்டும். படகுக் கொட்டகை வேண்டும். பழுது பார்க்கத் தனி ஆள் வேண்டும். வருமானமோ பூஜ்யம். நதிக்கரையில் நின்று பார்ப்பவர்களிடம் டிக்கெட் வசூலிப்பது எப்படி? ஆகவே இது முழுதும் செலவுக் கணக்கில்தான் நிற்கிறது. பெரிய கலாசாலைகளில் பெண்கள் படகுக்கு இருபது முழு உபகாரச் சம்பளங்கள் என்று வரம்பு இருந்தது. அவற்றைப் பயிற்சியாளர் முழம் போட்டு அளந்து, ஒருத்திக்கு முக்கால், ஒருத்திக்குக் கால், ஒருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும் என்று பகிர்ந்து கொடுக்கலாம். முதல் வருஷம் சும்மா சேர்ந்தவள் மூன்றாம் வருஷத்தில் பாதிச் சம்பளம் பெறுவது சகஜம். யேல், ஹார்வர்டு முதலிய எட்டு கலாசாலைகள் அடங்கிய ஐவி வட்டாரத்திலோ விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கிடையாது. குடும்பத்தின் வசதியைப் பார்த்துத்தான் உதவி.

செலவுக் கணக்கில் நிற்கும் இனத்துக்குச் சிக்கன நாளில் என்ன நேரும் என்பதைக் கனெக்டிகட் சர்வகலாசாலையில் கண்டோம். 2020 ஜூன் மாதம், பணமுடையைக் காரணம் காட்டி நான்கு குழுக்களைக் கலைக்கப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. மூன்று ஆண்கள் குழுக்கள். நான்காவது பெண்கள் படகுக் குழு. படகுப் பெண்கள் பன்னிரண்டு பேர் நீதிமன்றம் சென்றார்கள். கலாசாலை காட்டும் எண்ணிக்கையே சரியில்லை, பெண்களுக்கு ஏற்கனவே நியாயமான பங்கு இல்லை, உள்ளதையும் பறிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். 2021 மே மாதத்தில் மத்திய நீதிமன்ற நீதிபதி தற்காலிகத் தடை உத்தரவு போட்டார். கலாசாலை இறங்கிவந்து குழுவை நிலைநிறுத்தியது. முன்பு குளிக்கும் அறைக்காக உடையைக் களைந்த இடத்திலிருந்து சில மணி நேர பஸ் தூரத்துக்குள்தான் இதுவும் நடந்தது. நாற்பத்தைந்து வருஷ இடைவெளியில் அவர்கள் அறிக்கை வாசிக்கும் இடம் நீதிமன்றமாக மாறியிருந்தது.

சம்பளம் வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமைப் பயிற்சியாளர், உதவியாளர்கள், படகுக் கம்மியர், உடற்பயிற்சி ஆசிரியர், காயம் பார்ப்பவர், பாடத்துக்கு ஆலோசகர் என்று ஒரு சிறு காரியாலயமே இருக்கிறது. இதில் வருத்தமான விஷயம் ஒன்றுண்டு. 1972-ல் கலாசாலைப் பெண்கள் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்களாக இருந்தார்கள். 2012-ல் கணக்கெடுத்தபோது அது நாற்பத்து மூன்றாகக் குறைந்திருந்தது. பெண்களுக்கென்று சட்டம் வந்த பிறகு இப்படியா என்று கேட்கலாம். சட்டம் வருமுன் அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, அல்லது பேருக்குத்தான் இருந்தது. ஆகையால் பெண்களிடம் விட்டிருந்தார்கள். சம்பளம் ஏறியதும் ஆண்கள் விண்ணப்பித்தார்கள். நமது வீடுகளில் சமைப்பவர் பெண், கல்யாணத்தில் கூலி வாங்கிச் சமைப்பவர் ஆண் என்பதைப் போலத்தான்.

ஆயினும் விதிவிலக்குகள் மகத்தானவை. 1976-ல் வார்னருடன் வெண்கலம் பெற்ற கேரி கிரேவ்ஸ் 1984-ல் தங்கமும் பெற்றார். பிறகு டெக்ஸஸ் சர்வகலாசாலையில் புதிய பெண்கள் படகுக் குழுவை ஆரம்பத்திலிருந்து கட்டி வளர்த்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குழு 2021, 2022, 2024-ம் வருஷங்களில் தேசியப் பட்டம் வென்றது. முன்னாள் ஒலிம்பிக் சுக்கானியான யாஸ்மின் பரூக் 2009-ல் ஸ்டான்போர்டுக்குப் பட்டம் வாங்கித் தந்தார். பிறகு வாஷிங்டனுக்குச் சென்று 2017-ல் மூன்று படகுகளிலும் முதலிடம் பெறச் செய்தார். அதற்கு முன் எந்தக் கலாசாலையும் ஒரே வருஷத்தில் மூன்றையும் வென்றதில்லை. எட்டு பேருக்குத் தாளம் சொன்னவர் அறுபது பேருக்குச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

"அதெல்லாம் சரி, படிப்பு?" என்று அம்மாள் மறுபடியும் கேட்டார். நானும் ஆசிரியன்தானே, இதில் மழுப்ப முடியாது.

விதிகள் கண்டிப்பானவை. ஒரு பருவத்தில் முழு மாணவியாகப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். இரண்டாம் வருஷ முடிவில் பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் நூற்றுக்கு நாற்பது, மூன்றாம் வருஷ முடிவில் அறுபது, நான்காம் வருஷ முடிவில் எண்பது முடித்திராவிட்டால் பந்தயத்தில் ஓட முடியாது. குழு முழுவதற்கும் ஆயிரத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். உபகாரச் சம்பளம் பெறும் மாணவிகள் தேர்ச்சி பெறுகிறார்களா, கலாசாலையில் நிலைத்திருக்கிறார்களா என்று பார்த்துப் போடும் மார்க் அது. 930-க்குக் கீழே விழுந்தால் குழுவுக்கே தண்டனை. பயிற்சி வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாள் கட்டாய ஓய்வு.

இருபது மணி என்பது காகிதத்தில் இருபது. பந்தய நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி என்றுதான் கணக்கு; வெளியூர்ப் பயணம் கணக்கிலேயே இல்லை. விடியுமுன் எழுந்து, நீர் அமைதியாக இருக்கும்போது படகை இறக்கி, ஒன்பது மணிக்கு ஈரத் தலையுடன் ரசாயன வகுப்பில் உட்கார வேண்டும். நதி உறைந்த மாதங்களில் யந்திரத்தின் மேல் 2000 மீட்டர் வலிக்க வேண்டும். அந்த யந்திரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி வரை காட்டிக் கொடுத்துவிடும். யாரையும் ஏமாற்ற முடியாது. இவ்வளவுக்கும் பிறகு பெண்கள் படகில் பிழைப்பு என்று ஒன்று கிடையாது. கால்பந்து இளைஞனுக்குத் தொழில் ஆட்டம் என்ற கனவு இருக்கிறது. படகுப் பெண்ணுக்கு அப்படி ஒரு கனவு இல்லாததால், பட்டம்தான் அவளுக்குப் பலன். அதனால்தானோ என்னவோ, அவர்கள் புத்தகத்தை விடுவதில்லை.

இப்போது ஒரு புதிய சங்கடம் வந்திருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி, அமெரிக்கப் பெரிய கலாசாலைகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு ஒவ்வொரு கலாசாலைக்கும் சுமார் இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர் வரம்பு. அதில் பெரும் பங்கு கால்பந்து இளைஞர்களுக்குத்தான் என்பதில் சந்தேகமில்லை. இதுவும் டைட்டில் நைன் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்விக்கு, 2025 ஜனவரியில் சர்க்கார் ஆம் என்றது. பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகு அந்த வார்த்தையை வாபஸ் வாங்கியது.

அதே சமரசம் உபகாரச் சம்பளத்தின் எண்ணிக்கை வரம்பை எடுத்துவிட்டு, ஜாபிதாவுக்கு வரம்பு வைத்தது. அதில் சேர்ந்த கலாசாலைகளில் பெண்கள் படகுக் குழுவுக்கு அறுபத்தெட்டுப் பேர். இருபது சம்பளம் என்ற கட்டுப்பாடு போய், அறுபத்தெட்டுப் பேருக்கும் கொடுக்கலாம் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. கொடுக்கப் பணம் இருக்க வேண்டுமே! தவிர, பயிற்சியாளர்கள் இப்போது நியூஸிலாந்திலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சிறுவயது முதல் படகோட்டித் தேர்ந்த பெண்களைத் தேடி வரவழைக்கிறார்கள். நூறு பேர் இருந்த இடத்தில், துடுப்பைத் தொடாத முப்பது பேருக்கும் ஒரு மூலையில் இடம் இருந்தது. எண்ணி அறுபத்தெட்டு என்றால், வெட்டுப்படுவது அந்த மூலைதான். ஸூஸன் பிரான்ஸியாக்கள் வந்த கதவு அது. வழிமறித்து, "உயரமாக இருக்கிறாயே" என்று கேட்கும் பயிற்சியாளர்கள் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்களோ, எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் அந்த அம்மாளுக்கு நான் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போகட்டும் ஸார், சேரட்டும் என்று அண்ணாவுக்கு எழுதிவிடுகிறேன்" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். கையில் புதிய சந்தேகம்.

"படகில் ஏற்றுவதற்கு முன்னால் நீச்சல் பரீட்சை வைப்பார்களாமே! அதில் தேறினால்தான் துடுப்பாம். அவளுக்கு நீந்தத் தெரியாதே, ஸார்! இப்போது தினம் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து குளத்துக்குப் போகிறாளாம்."

"எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள் என்றீர்களே?" என்றேன்.

"அதுதான் எனக்கும் ஆச்சரியம்" என்றார் அவர்.